ஃபெஸ்டியின் வலக்கை

எங்கள் இனிஷ்கேரா தீவில் கல்தான் முதலில் இருந்தது. கல்லைப் பொறுக்கி ஓரம் போட்டு, மணலும் கடற்பாசியும் சுமந்து கொட்டி நாங்கள் வயல் உண்டாக்கினோம். ஃபெஸ்டி மண்ணில் குனிந்தால் வலக்கை தானாகவே கல்லைப் பிடுங்கும். நிமிராமலே பின்னால் வீசுவான். அது மதிலடியில் போய் விழும்.

பழைய துறவி மடத்து மேட்டை ஊரே சேர்ந்து தோண்டிய கோடையில் அவனும் போனான். மனைவி இறந்தபின் அவன் நாலு பேரோடு உட்கார்ந்து தேநீர் குடித்தது அங்கேதான்.

ஒரு மதியம், அகழாய்வை நடத்திய கிரான்யா அவன் குழியிலிருந்து ஒரு களிமண் துண்டை எடுத்தாள். மேலாடையில் குத்தும் வெண்கல ஊசியை வார்த்த அச்சு. ஊசியின் தண்டு மட்டும் பதிந்திருந்தது.

"தலைப்பக்கம் உடைஞ்சிருக்கு, ஃபெஸ்டி. வேற துண்டு ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சு. கல்லுன்னு நெனச்சு..." மதில் பக்கம் கை நீட்டினான்.

தோண்டிய மண்ணைச் சல்லடையில் சலித்துக்கொண்டிருந்த அவன் அக்கா பைபீன் தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி! சாமியாருங்க விட்டுட்டுப் போனத மண்ணு இத்தனை காலம் வச்சிருந்துச்சு. உன் கையில ஒரு நிமிஷம் இருந்துச்சாடா?"

மேற்கே மேகம் திரண்டது. அரைகுறையாகச் சுட்ட மண்; வெளியே கிடந்து மழை அடித்தால் கரைந்துவிடும். மதிலடி முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

"நாளைலேருந்து நான் வரலம்மா," என்றான் ஃபெஸ்டி.

"அது அப்புறம். இப்ப அதே இடத்துல நின்னு இன்னொரு கட்டிய வீசுங்க."

வீசினான். எங்கோ போனது. மறுபடி வீசினான், அதுவும் அப்படியே.

"யோசிச்சு வீசுறான், அதான்," என்றாள் பைபீன். "டேய், உன் உருளைக்கிழங்குல நோய் விழுந்திருக்காமே, பக்கத்து வயல் மார்ட்டின் சொன்னான்."

"அவன் கிடக்கான் பொறாமக்காரன்! என் பாத்தில ஒரு இலை..." திட்டிக்கொண்டே குனிந்தான். கை வீசியது. கட்டி மதிலோரத்துக் காஞ்சொறிப் புதருக்குள் விழுந்தது.

அச்சுத் துண்டும் அங்கேதான் கிடந்தது, இரண்டாக உடைந்து. சேர்த்துப் பார்த்தால் ஒரு பறவைத் தலை. அலகு மட்டும் நொறுங்கிப் போயிருந்தது. கிரான்யா அதைப் பஞ்சில் பொதிந்தாள். ஃபெஸ்டி வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை வந்தான். குழிக்குப் போகவில்லை.

"உங்க இடம் காலியா இருக்கே," என்றாள் கிரான்யா.

"வேணாம்மா. எதையும் பாத்துட்டுத் தூக்கிப் போடுற இடம் இந்தச் சல்லடைதான். இங்க இருக்கேன்."

பைபீன் நகர்ந்து இடம் விட்டாள். "இருந்துக்கோ. கைய மட்டும் என் கண்ணு முன்னால வை."