கடத்தூரில் ஒரு போர்க்கப்பல்

போஸ்ட்மாஸ்டர் முதன்முதலாக என் பட்டறைக்கு வந்தபோது ஒரு செல்போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தார். ஆவி பறக்கும் டீ கிளாஸைச் சிந்தாமல் கொண்டுவருகிறவர் மாதிரி இருந்தது அவருடைய நடை. நான் ஒரு லாரியின் அடிச்சட்டத்துக்கு ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு போர்க்கப்பலின் படம் இருந்தது. "இந்தச் சாம்பல் கலரு உங்ககிட்ட வருமாங்க?" என்று கேட்டார். எந்த லாரிக்கு என்று கேட்டேன். "லாரிக்கு இல்லீங்க. இதுக்கேதான்" என்று படத்தைத் தொட்டுக் காட்டினார். தர்மபுரி ஜில்லாவில் கப்பலுக்குப் பெயிண்ட் கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

அந்த மாதிரி முகங்கள் எனக்குப் பழக்கம். என் பட்டறை இருப்பது தொப்பூர்க் கணவாய்க்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை ஓரத்தில். லாரிகளின் நெற்றியில் குலசாமி பெயரையும் பிள்ளைகள் பெயரையும் எழுதி அனுப்புவது என் வேலை. அவற்றில் சில, கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், கிரேனில் தொங்கிக்கொண்டு என்னிடமே திரும்பி வரும். நான் எழுதிய பெயர் நடுவில் மடங்கிக் கிடக்கும். கூடவே யாராவது ஒருவர் வந்து, "அதே எழுத்து, அதே எடத்துல எழுதிருங்க" என்பார். அப்படிச் சொல்கிறவர்களின் முகத்தில் கண்ணீர் இருக்காது. ஒரு அவசரம் மட்டும் இருக்கும், இதை முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல. போஸ்ட்மாஸ்டருக்கும் அதே அவசரம்தான். அதனால்தான் அவரை உட்காரவைத்து டீ சொன்னேன்.

அவர் கடத்தூர்க்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊரே அவரைப் போஸ்ட்மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. அவருடைய அண்ணன் மகனின் லாரிக்கு நான் பெயிண்ட் அடித்திருந்தேன், அந்தப் பழக்கத்தில் என்னைத் தேடி வந்திருந்தார். ஒரே மகன் கடற்படையில் இருந்தான், கல்யாணம் ஆகவில்லை. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்த ஒரு நாள், கப்பலின் பின்பக்கத் தளத்தில் வேலையாக நின்றவனை ஒரு அலை விளிம்புக் கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது. நாள் கணக்கில் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. அதிகாரிகள் வீட்டுக்கே வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்ததைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

உடல் இல்லாதபோது எங்கள் பக்கம் ஒரு பொம்மை செய்து, அதற்குக் கொள்ளி வைத்து, கருமாதியை முடிப்பது வழக்கம். கல்யாணம் ஆகாத பிள்ளைக்குப் பெற்ற தகப்பன்தான் அதைச் செய்யவேண்டும். சொந்தக்காரர்கள் நாள் குறிக்க வந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா ஒப்பவில்லை. "அவன் எந்த எடத்துல நின்னான், எப்படி விழுந்தான்னு என் கண்ணுல காட்டுங்க. அப்புறம் எதை வேணா செய்ங்க" என்று சொல்லிவிட்டார். கப்பலுக்கே கூட்டிப்போகச் சொல்லிக் கடற்படைக்கு எழுதிக் கேட்கலாமா என்றதற்கு, "அந்தக் கடல் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்" என்றார். அதற்கு மேல் அந்த அம்மாவிடம் யாரும் பேச முடியாது. ஆகவே போஸ்ட்மாஸ்டர் கப்பலை வீட்டுக்குக் கொண்டுவரத் தீர்மானித்திருந்தார்.

கட்டியவிதத்தைச் சொல்லவேண்டும். இரண்டடி நீளம். அந்த அளவுக்கு ஒரு மனிதன் நெல்மணி உயரம்தான் வருவான். பிவிசி ஷீட்டை வெட்டி உடம்பு, கொசுவலைத் துண்டில் ராடார், மாட்டு ஆஸ்பத்திரியில் வாங்கிய ஊசிகளில் பீரங்கிக் குழல்கள். போர்வெல் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடையில் செம்புக் கம்பி வாங்கி வந்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் சால்டர் வைத்துப் பற்றவைத்தார். ஊரில் கேலிக்குக் குறைவில்லை. "போஸ்ட்மாஸ்டரு கப்பலை எந்த ஏரியில விடப் போறாரு? நம்ம ஏரியில முள்ளுச்செடிதான் கெடக்குது" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன ஸ்பிரே கன்னை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவேன். தண்ணீருக்குள் இருக்கும் பகுதிக்கு லாரி அடிச்சட்டத்துக்கு அடிக்கிற அதே செம்மண் நிறம்தான், அதில் எனக்குச் சிரமம் இல்லை. மேலே அடிக்கிற சாம்பல்தான் உயிரை வாங்கியது. ஒரு படத்தில் நீலம் கலந்திருக்கும், இன்னொன்றில் பச்சை தட்டும். நான் கலந்து கலந்து காட்ட, அவர் இது இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அந்த அம்மாதான் உள்ளேயிருந்து ஒரு ஜோடி ஷூவைக் கொண்டுவந்து வைத்தார். மகனுடைய பெட்டியோடு வந்தது. வலது ஷூவின் முனையில் காய்ந்த பெயிண்ட் ஒரு சொட்டு ஒட்டியிருந்தது. கப்பலில் இருப்பவர்கள் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பதும் ஒரு வேலையாம். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவனும் என் தொழிலைத்தான் செய்திருக்கிறான் என்று. அந்தச் சொட்டுக்குப் பக்கத்தில் என் சாம்பலை வைத்து வைத்துப் பார்த்துக் கலந்தேன். நிறம் கூடி வந்த நிமிடத்தில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொட்டு விட்டுப் போனதுபோல் இருந்தது.

கைப்பிடிக் கம்பியை அவர் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார். தளத்தைச் சுற்றி ஓடுகிற அந்தக் கம்பிக்கு மட்டும் மாதக் கணக்கில் எடுத்துக்கொண்டார். எல்லாம் முடிந்து, நீலச் சட்டை போட்ட அந்த நெல்மணி ஆளை நான் குறட்டால் எடுத்துப் பின்பக்கத் தளத்தில் நிறுத்தினேன். கம்பி அவன் கழுத்துக்கு வந்தது. எங்களிடம் இருந்த படத்தில் மகன் அதே கம்பியில் கையை ஊன்றிச் சிரித்துக்கொண்டு நின்றான், அது அவன் இடுப்புக்குத்தான் இருந்தது. "சார், கம்பி கொஞ்சம் ஒசரமாத் தெரியுதுங்களே" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கட்டுமுங்க" என்றார். எங்கள் தொழிலிலும் லோடு விழாமல் இருக்கவேண்டும் என்று லாரி பாடிக் கம்பியை ஒரு சாண் ஏற்றி வைப்பவர்கள் உண்டு. அந்த மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டு, அதற்கும் சாம்பல் பூசி முடித்தேன்.

காட்டுவதற்கு ஒரு காலை நேரத்தைக் குறித்தார்கள். சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், மறுநாள் காரியம் என்று ஐயருக்கும் சொல்லியாகிவிட்டது. அந்த அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து கப்பலுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தார். போஸ்ட்மாஸ்டர் ஒரு ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு காட்டினார். இங்கதான் சாப்பிடுவான், இதுக்குக் கீழதான் படுப்பான், இந்தா, இந்த எடத்துலதான் நின்னான். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து புருஷன் முகத்தைப் பார்த்தார். மறுபடி கப்பலைப் பார்த்தார்.

"கம்பி கழுத்து வரைக்கும் இருக்குது. இதைத் தாண்டி எப்படிங்க விழுவான்? விழுந்திருக்க மாட்டான்" என்றார். "எங்கியோ கரை ஏறியிருப்பான். வருவான். எல்லாரும் எந்திரிச்சு சாப்பிடுங்க."

எல்லாரும் போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தார்கள். கம்பி தப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் ஈர்க்குச்சியை இரண்டாக ஒடித்தார், நான்காக ஒடித்தார். நானும் படத்தைப் பார்த்தவன்தான். ஆனால் பெற்றவர் வாயைத் திறக்காத இடத்தில் பெயிண்டர் பேசுவது முறையில்லை என்று இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீடு மாறிப்போனது. மகன் அங்கே செத்தவனும் இல்லை, இருப்பவனும் இல்லை. "அவனுக்குப் புளிக்கொழம்பு பிடிக்காது" என்று அந்த அம்மா சொல்வார், "பிடிக்காதில்ல" என்று இவர் தலையாட்டுவார். தீபாவளிக்குச் சட்டை எடுத்தார்கள். பொங்கலுக்கு வெளியூர் பஸ் வந்து நிற்கும்போது இவர் கடைத்தெருவுக்குப் போய் ஏதும் வாங்காமல் திரும்புவார். போன வருஷத்துச் சட்டை பிரிக்காமல் அலமாரியில் இருக்க, அதன்மேல் புதுச் சட்டை ஏறும். எனக்கு அந்த வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் முதுகு சில்லிடும். பேய் பிசாசு என்று எதுவும் இல்லை. பட்டப்பகல், மிக்ஸி ஓடுகிற சத்தம், கொடியில் துணி. இருந்தாலும் ஒரு நாற்காலியில் உட்காரப்போனால் யாரையோ கேட்டுவிட்டு உட்காரவேண்டும்போல் இருக்கும்.

நான் அங்கே போய்க்கொண்டிருந்ததற்குக் காரணம் துரு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது போஸ்ட்மாஸ்டர் போன் செய்வார். "கப்பல் உப்புத் தண்ணியில கெடக்குது. துரு ஏறாம இருக்குமுங்களா? நம்ம கப்பலுக்கும் கொஞ்சம் வந்து போட்டுக் குடுங்க" என்பார். பழுப்பு நிறத்தைத் தின்னரில் நன்றாக இளக்கி, நங்கூரம் இறங்குகிற ஓட்டையிலிருந்து மெல்லிய பிரஷ்ஷால் கீழ்நோக்கி ஒரு இழுப்பு இழுத்து, துணியால் ஒற்றி எடுத்தால் துரு வடிந்த தடம் மாதிரியே வரும். இப்படி வருஷா வருஷம் கப்பலுக்கு வயசு ஏற்றினோம். அந்தச் சின்ன ஆளை மட்டும் தொடவிடமாட்டார். கப்பல் கிழடு தட்டிக்கொண்டே போக, நீலச் சட்டை புதுசாகவே கம்பிக்குப் பின்னால் நின்றது.

ஒருமுறை என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது அவராகவே சொன்னார். "நான் அளந்துதானுங்க ஆரம்பிச்சேன். சரியான அளவுக்கு வெட்டணும்னு கத்தரிய வெச்சா, கை போக மாட்டேங்குது. இன்னங் கொஞ்சம் ஒசரமா இருந்திருந்தா, இன்னங் கொஞ்சம்னு தோணிட்டே இருந்துச்சு. வெட்டாமயே வெச்சுட்டேன்." அப்போது பஸ் வந்துவிட்டது. அவர் என் கையை விடவில்லை. "இப்ப உண்மையச் சொன்னா அவ செத்துருவாளுங்க. அந்தக் கம்பியப் புடிச்சிட்டுத்தான் நிக்கறா." ஊர் போய்ச் சேரும்வரை எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஒரு மனுஷன் தன் பிள்ளையைச் சாகவும் விடாமல், அழவும் முடியாமல், சட்டை எடுத்துக்கொண்டு இருக்கிறாரே என்று அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

போன ஐப்பசியில் போஸ்ட்மாஸ்டர் போய்ச் சேர்ந்தார். காலையில் பால் வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாவு வீட்டில் எல்லாருக்கும் ஒரே கவலை, தன் மகன் வந்துதான் கொள்ளி வைக்கவேண்டும் என்று அந்த அம்மா உடலை எடுக்கவிடாமல் செய்துவிடுவாரோ என்று. அண்ணன் மகன் கொள்ளிச்சட்டியைக் கையில் வாங்கத் தயங்கிக்கொண்டு நின்றான். அந்த அம்மா அவனைப் பார்த்து, "வாங்கிக்க, கண்ணு" என்றார். அவ்வளவுதான். எடுத்துப் போய்விட்டார்கள்.

கருமாதிக்கு முந்தின நாள் காலையில், சின்னக் கத்தரியையும் பெயிண்டையும் எடுத்துக்கொண்டு வரச்சொல்லி எனக்கு ஆள் வந்தது. போனேன். கப்பல் கூடத்தில் பழைய பேப்பர்மேல் இருந்தது. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் ஒன்றும் இல்லை.

"தம்பி, இந்தக் கம்பிய வெட்டி, இருக்கவேண்டிய ஒசரத்துக்கு வெச்சுக் குடுங்க" என்றார்.

நான் பெயிண்டைக் கீழே வைத்தேன். "அம்மா, இது இப்படித்தான்னு..."

"போட்டோவுல கைய ஊனிட்டு நிக்கறான். இடுப்புக்குத்தான இருக்குது. எனக்குக் கண்ணு இல்லீங்களா?"

"அப்புறம் ஏம்மா அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?"

அவர் கப்பலைப் பார்த்தபடியே சொன்னார். "ஒரு கம்பிய வெட்டவே அவருக்குக் கை வரல. அந்தக் கையால எப்படிங்க பெத்த புள்ளைக்குக் கொள்ளி வெப்பாரு? அன்னிக்கு செய்யச் சொல்லியிருந்தா அன்னிக்கே போயிருப்பாரு. வருவான், வருவான்னு சொல்லித்தான் இத்தன வருசம் ஓட்டுனேன்."

அவரும் உங்களுக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். ஒருவருக்காக ஒருவர் என்று அலமாரி நிறையச் சட்டை எடுத்து வைத்திருக்கிறார்கள். அதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கத்தரியை எடுத்தேன்.

செம்புக் கம்பி மெதுவாகத்தான் வெட்டுப்பட்டது. வெட்டிய துண்டுகள் பேப்பர்மேல் முடிபோல உதிர்ந்தன. முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, மேல்கம்பியை இறக்கி ஒட்டி, சாம்பலைத் தொட்டு வைத்தேன். காய்ந்ததும் நகர்ந்து உட்கார்ந்தேன். கம்பி அந்தச் சின்ன ஆளின் இடுப்புக்கு வந்திருந்தது. அவனுக்குப் பின்னால் கூடத்தின் சிமெண்டுத் தரை விரிந்து கிடந்தது.

அந்த அம்மா தரையில் கையை ஊன்றிக் குனிந்து, முகத்தைத் தளத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ம். இப்ப விழுவான்" என்றார்.

பிறகு எழுந்து வாசலுக்குப் போய், பந்தல் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் மகனைக் கூப்பிட்டு, நாளைக்குப் படையலுக்கு ரெண்டு எலை போடணும் என்றார்.