கிளிஞ்சல் கொட்டிய களம்

நெம்மேலியில் காரை நிறுத்தி இறங்கியதும் செருப்புக்கடியில் ஒரு கிளிஞ்சல் நொறுங்க, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிமெண்டு பூசிய இந்த இடம்தான் எங்கள் கபடிக் களம். ஆடுகிறவர்களின் முட்டி கிழியக்கூடாதென்று அம்மாவும் தெருப் பெண்களும், கேழ்வரகு சலிக்கும் சல்லடையால் களத்து மணலைச் சலித்துச் சலித்துக் கிளிஞ்சலையெல்லாம் மூட்டையில் கட்டிவைப்பார்கள். அந்தச் சர்சர் சத்தத்தில்தான் எனக்குப் பொழுது விடியும்.

ஒரு வருஷம் எங்கள் அணி ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. கடைசி ஆட்டமும் போன அன்று, கேப்டனாக இருந்த மாமா, அம்மாவின் தம்பி, வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே எதிரணிக்குக் கைகொடுத்தார். விறுவிறுவென்று வந்த அம்மா, மூட்டையை அவிழ்த்து அத்தனை கிளிஞ்சலையும் களத்திலேயே கொட்டினாள்.

"இன்னாக்கா பண்ற?" மாமா ஓடிவந்தார்.

"குத்துனாத்தான்டா உங்களுக்கு ஒரைக்கும்!"

அம்மாவா இது என்று இருந்தது எனக்கு.

மறுநாள் விடியலில் அதே சர்சர் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா சலித்துக்கொண்டிருந்தாள்; எதிரே, இன்னொரு சல்லடையோடு மாமா.

நொறுங்கிய கிளிஞ்சலைப் பொறுக்கக் குனிந்தேன். சுற்றிலும் ஒரு பிடி மணல்கூட இல்லை.