ஆட்சேபனை உள்ளவர்கள்

ஜாசின் பதிவு இலாகாவின் நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் ஜெயமணி இந்த வாரத்தில் மூன்றாவது முறையாக நின்றாள். தமிழ்ப்பள்ளிக் கேண்டீனைப் பூட்டிவிட்டு, மீன் வாங்கப் போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கல்யாணம் கட்டப்போகிறவர்களின் பெயர்கள் தொங்கின. எல்லாம் இருபத்தைந்து, இருபத்தேழு வயதுப் பிள்ளைகள். நடுவில் அவளும் தம்புசாமியும். அவளுக்கு ஐம்பத்தெட்டு, அவருக்கு அறுபத்து மூன்று. ஆட்சேபனை உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கலாம் என்று கீழே மலாயில் போட்டிருந்தது.

எதற்கெடுத்தாலும் குறுக்கே விழுகிற ஊர் இது. இதற்கு மட்டும் ஒருத்தராவது விழக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

தாலி கட்டி முப்பத்தொன்பது வருஷம் ஆகிறது. செலண்டார் பக்கத்து எஸ்டேட் கோயிலில் முந்நூறு பேர் சாப்பிட்ட கல்யாணம். அதைப் போய்ப் பதிய வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. மாரியம்மன் பார்த்தாகிவிட்டது, அப்புறம் கவர்மெண்டு எதற்குப் பார்க்க வேண்டும்? பிள்ளை குட்டி பிறந்திருந்தால் அப்போதாவது கேள்வி வந்திருக்கும். பிறக்கவில்லை. இப்போது கேட்கிறது ஈக்குவடோர்.

தம்புசாமி செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்தவர். முப்பத்து நான்கு வருஷம் நெருப்புக்கு முன்னால் நின்று வெந்த மனிதர். கடைசியில் ஆலைக்காரர்கள் அவரை எட்டு மாதம் தென் அமெரிக்காவுக்கு, அந்த ஈக்குவடோருக்கு அனுப்பினார்கள். அங்கேயும் செம்பனை இருக்கிறதாம், பாய்லர் பொருத்த ஆள் வேண்டுமாம். போனவர் போன வேலையைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். லீவு நாளில் குவென்கா என்ற மலையூரைப் போய்ப் பார்த்துத் தொலைத்துவிட்டார். வருஷம் பூராவும் குளிர். வீடுகளில் விசிறியே கிடையாது. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

வீட்டை விற்று, சேமநிதிப் பணத்தையும் சேர்த்து அங்கே வங்கியில் போட்டால் அவருக்கு விசா. பெண்டாட்டிக்கும் வேண்டுமென்றால் கல்யாணப் பத்திரம். வீடு பார்க்க ஆட்கள் வந்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருத்தி ஜெயமணியின் அடுப்படி அலமாரியைத் திறந்து மூக்கைச் சுளித்தாள்.

"அந்தக் குளிர்ல போர்வைய போத்திக்கிட்டு நிம்மதியா கண்ண மூடணும் ஜெயா. அது போதும்லா எனக்கு" என்பார் தம்புசாமி, சிரித்துக்கொண்டே.

சிரிக்கிற விஷயமா அது? போன வருஷம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இவர் பாட்டுக்குக் கண்ணை மூடிவிடுவார். அப்புறம் அவள் தெருவில் இறங்கி யாரைக் கூப்பிடுவாள்? எந்தப் பாஷையில் அழுவாள்? இந்த நினைப்பில் கேண்டீனில் மீ நூடுல்ஸ் பிரட்டும்போது கை அப்படியே நின்றுவிடும். "ஆன்ட்டி, மீ கருகுது!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அந்தக் கத்தலும் இல்லாத ஊரில் எப்படி இருப்பது?

அவரிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவர் முடிவு செய்வார், அவள் பெட்டி கட்டுவாள்; அப்படியே பழகிவிட்டது. வேர்க்குரு வெடித்த அவருடைய முதுகுக்குப் பவுடர் போட்டு விடும்போது பாவமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள். "கல்யாணப் பொண்ணே ஆட்சேபனை சொல்லலாமா?"

"மக்சிக்குக்கு வெக்கம் வந்திருச்சு!" என்று அந்தப் பெண், அத்தை என்று மலாயில் முறை வைத்து, பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தாள். ஜெயமணியும் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

திங்கட்கிழமை சாட்சிக் கையெழுத்துப் போடத் தங்கை விஜயராணியும் அவள் புருஷனும் வந்தார்கள். விஜயராணி விளையாட்டுக்கு இரண்டு மாலை வேறு வாங்கி வந்திருந்தாள். ஏர்கோன் அறை. தம்புசாமி குவென்காவுக்கென்று வாங்கிய கம்பளி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மக்சிக், முழுச் சம்மதத்தோடதானே?" என்று மலாயில் கேட்டார் அதிகாரி அம்மா.

"சம்மதம்தான், சம்மதம்தான்" என்று முந்திக்கொண்டார் தம்புசாமி.

"பக்சிக், நான் கேட்டது மக்சிக்கை."

முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கெட்டிமேளத்தில் காதில் விழுந்திருக்காது. இந்த அறையில் மேளம் இல்லை. ஜெயமணி சம்மதம் என்று அதிகாரியிடம் மலாயில் சொன்னாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"உங்களக் கட்டிக்கச் சம்மதம். அந்த ஊருக்கு நான் வரலீங்க. அங்க நீங்க போய்ச் சேந்துட்டா நான் யாருகிட்டப் போய் அழுவேன்?"

விஜயராணி வாயைப் பொத்திக்கொண்டாள். தமிழ் தெரியாத அதிகாரி புன்னகையோடு தாளில் குறித்துக்கொண்டு, "பக்சிக்?" என்றார்.

தம்புசாமி அதிகாரியைப் பார்க்காமல் அவளையே பார்த்தார்.

இதை ஜெயமணி யோசிக்கவே இல்லை. அவருக்கு இந்தப் பத்திரமே அவளுடைய விசாவுக்குத்தான். இனி எதற்கு? வேண்டாம் என்று அவரும் சொல்லலாம். சொல்லிவிட்டுத் தனியாகவே போகலாம். யாராவது குறுக்கே விழக் கூடாதா என்று போர்டின் முன்னால் நின்றவள், இப்போது இவர் விழுந்துவிடக் கூடாதே என்று அவர் வாயையே பார்த்தாள். அதிகாரி இன்னொரு தரம் கேட்டார். தம்புசாமி ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்தார், கீழே இழுத்தார்.

"சம்மதம்" என்றார்.

கையெழுத்துப் போட்டு வெளியே வந்தார்கள். பன்னிரண்டு மணி வெயில். காரின் கதவைத் திறந்தபடி அவர் கேட்டார்.

"முன்னமே ஏன் சொல்லல?"

"நீங்க எப்ப கேட்டீங்க?"

அவர் ஜாக்கெட்டைக் கழற்றினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜெயமணி கையை நீட்டி அந்த ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். ஈரமாகக் கனத்தது. அதை அவள் வீடு வரும்வரை மடியிலிருந்து இறக்கவில்லை.