சுடலைமுத்து அண்ணாச்சி செய்த படகு வண்டி

சுடலைமுத்து அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, ஐந்தருவிப் பக்கத்துக் குளத்தங்கரையில் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தேன். அவருடைய மருமகன் தென்காசியிலிருந்து சைக்கிளில் வந்து சொன்னார். நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கே நாள்.

தென்காசியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த அவரை உங்களில் பலருக்குத் தெரியும். எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் கூட்டாகக் குற்றாலம் சீசனுக்குப் படகு விட்டோம். படகை ஜீப்பின் பின்னால் இழுத்துவர ஒரு டிரெய்லர் வேண்டியிருந்தது. அலுமினியத்தில் வெளியூரில் சொல்லிச் செய்யலாம் என்றேன் நான். எடை குறைவு, தண்ணீரில் இறக்கினாலும் துருப்பிடிக்காது. அண்ணாச்சி, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்பு பைப்தான் என்று நின்றார்.

“அலுமினியம் முறிஞ்சா இங்கன எவன் வே ஒட்டுவான்? ஜி.ஐ.ன்னா நானே செஞ்சிருவேன். ஒம்ம அலுமினியம் வந்தா எனக்கென்ன சோலி? கரையில நின்னு கைதட்டவா?”

நான் வாதாடினால் விடமாட்டேன். எப்போதும் அவர்தான் இறங்கிவருவார். அன்று அவர் முகத்தைப் பார்த்து நான் இறங்கிவிட்டேன்.

ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் வைத்தால் பூச்சு எரிந்து நெஞ்சுக்கு ஆகாத வெள்ளைப் புகை கிளம்பும். முதலில் பூச்சைத் தேய்த்து எடுக்க வேண்டும். சாரல் விழுந்துவிட்டது, சீசன் தொடங்கிவிடும் என்று நான் அவசரப்படுத்தினேன். அவர் தேய்க்காமலே வெல்டிங் வைத்தார். வேலை நடந்த மூன்று நாளும் சாயங்காலமானால் அவருக்குக் குளிர்காய்ச்சல்.

“ஒண்ணுமில்ல வே, ரெண்டு தம்ளர் பால் குடிச்சா புகை எறங்கிரும்” என்றார். பட்டறைக்காரர்கள் எல்லாரும் நம்புவதுதான். நானும் தினம் தூக்குவாளியில் பால் கொண்டுபோனேன். அவர் குடித்து முடித்ததும் எனக்கு நிம்மதியாகிவிடும்.

பூச்சு எரிந்த இடங்களிலெல்லாம் வருஷா வருஷம் துரு ஏறியது. ஒவ்வொரு சீசனுக்கு முன்னும் மறுபடி வெல்டிங், மறுபடி புகை, மறுபடி பால். இருமல் நிரந்தரமானது. “இனி அலுமினியம் வாங்குவோம் அண்ணாச்சி” என்று ஒருமுறை பேச்சுக்குச் சொன்னேன். அவர் தலையாட்டி மறுத்ததும் விட்டுவிட்டேன்.

துக்கத்துக்குப் போனபோது அவர் மனைவி என்னைத் தேற்றினார்.

“பீடியாலதான்னு டாக்டர் சொல்லுதாரு. நீங்க மனசு ஒடிஞ்சிராதீய. ‘கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பால் கொண்டாந்து தரமாட்டான்’னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாவ.”

அந்த வார்த்தைதான் அவர் எனக்கு விட்டுப்போனது. பீடியோ புகையோ, எனக்குத் தெரியாது. ஆனால் அண்ணாச்சி, எத்தனையோ வெட்டி விஷயத்துக்கெல்லாம் உங்களோடு மல்லுக்கட்டி ஜெயித்திருக்கிறேன். அந்த அலுமினியம் ஒன்றில் மட்டும் ஏன் விட்டுக்கொடுத்தேன்?