நஜாத் ஒளித்த மூச்சு

கற்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்யும் நஜாத்துக்குப் பிடிவாதம் பிறவிக் குணம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் பல்முரசில் இரத்தம் நிற்காமல் கசிந்து, கையும் காலும் நீலம் பாய்ந்தன. கொழும்பு ஆஸ்பத்திரியில் இரத்தப் புற்றுநோய் என்றார்கள். இரத்தம் உறையாமல் சில நாளிலேயே ஆளைக் கொண்டுபோகக்கூடிய வகை. ஆனால் அந்தத் தொடக்கத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் முற்றாகக் குணமாவதும் அதே வகைதான் என்று டொக்டர் சொன்னார். நஜாத் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மருந்து இரண்டு. ஒன்று விற்றமின் ஏ இனத்தைச் சேர்ந்த குளிசை. அதை அன்றைக்கே தொடங்கினார்கள். மற்றது சேலைன் போல நரம்பில் ஏற்றும் ஆசனிக், அதாவது பாஷாணம். டொக்டர் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். புருஷன் ஜபார் கடலடியில் மூச்சடக்கிக் கடலட்டை பிடிக்கும் சுழியோடி; சுறாவுக்கும் அஞ்சாதவன் இதைக் கேட்டு ஆடிப்போனான். நஞ்சேறிச் சாவதைவிட வீட்டில் கிடக்கட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"தோட்டத்துக்கு நான் அடிக்கிறதும் நஞ்சுதானே. இவங்களுக்கு அளவு தெரியும். ஏத்தட்டும்" என்றாள் நஜாத்.

ஏதாவது பிசகினால் அவளை அள்ளிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவேன் என்று சொல்லித்தான் அவன் சம்மதித்தான். அந்தச் சொல்தான் வினையாயிற்று.

இரண்டாம் கிழமை ஒரு நாள் விடிந்ததும் நஜாத்துக்குக் கால் வீங்கி மூச்சு முட்டியது. மருந்து வேலை செய்யத் தொடங்கும்போது இப்படி வரலாம், வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சொன்னால் ஜபாருக்குத் தெரியவரும்; மருந்து நின்றுபோகும். தாதி வந்து கேட்டபோது ஒன்றுமில்லை என்றாள். இவ்வளவு காலமும் அவளைக் காப்பாற்றிய பிடிவாதம் அன்றைக்கு வெறும் மடத்தனமாக இருந்தது.

பின்னேரம் ஜபார் பார்க்க வந்தான். போர்வையால் காலை மூடிக்கொண்டு, சிரித்த முகத்தோடு மகளின் பள்ளிக்கூடச் சோதனையைப் பற்றி விசாரித்தாள். ஆனால் சுழியோடிக்கு மூச்சுத்தானே பிழைப்பு? ஒரு வசனத்தை மூன்றாக உடைத்துக் கதைப்பவளை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"யாருக்கிட்ட புள்ள மூச்ச ஒளிக்கிறாய்?" என்றவன், பதிலுக்கு நிற்காமல் தாதியிடம் ஓடினான்.

ஒட்சிசன் வைத்தார்கள், ஸ்டெரோயிட் ஊசி போட்டார்கள், பாஷாணத்தை நிறுத்தி வைத்தார்கள். சில நாளில் மூச்சு சீரானது. டொக்டர் வந்து, இன்னொரு முறை ஒளித்தால் காப்பாற்ற முடியாமல் போகும் என்று நன்றாகத் திட்டினார். பிறகு, மறுபடி ஏற்றத் தொடங்கலாமா என்று இருவரையும் கேட்டார்.

நஜாத்துக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. வீட்டுக்குப் போவோம் என்று ஜபார் சொல்லப்போகிறான் என்றே நினைத்தாள். சொன்னால் மறுக்கும் தைரியமும் அவளிடம் இல்லை.

ஜபார் அவளுடைய கையை எடுத்து, நரம்பு தெரியும்படி திருப்பி டொக்டர் பக்கம் நீட்டினான்.

"ஏத்துங்க டொக்டர். விடியவும் பின்னேரமும் நான் வாறேன். மூச்ச நான் பாத்துக்கிறேன்."