பாசஞ்சரைப் பின்னுக்குத் தள்ளிய மனு

2006 ஆவணி மாதம், ஈரோட்டிலிருந்து திருப்பூர் போகும் காலை பாசஞ்சரில் நடந்தது இது.

தினமும் எக்ஸ்பிரஸில் அலுவலகம் போகிறவன் நான். வண்டி வந்து சேரும் நேரத்தைத் தேதிவாரியாகக் குறித்து வைப்பது என் பழக்கம். முன்னால் போகும் பாசஞ்சரால்தான் எங்கள் வண்டி வழியில் நிற்கிறது என்று கண்டுபிடித்து, எக்ஸ்பிரஸை முதலில் அனுப்பும்படி மாசியில் ரயில்வேக்கு மனு எழுதினேன். ஆடியில் வந்த புதிய அட்டவணையில் அப்படியே மாறியது. சக பயணிகள் கைகொடுத்தார்கள்.

அன்று எக்ஸ்பிரஸைத் தவறவிட்டு, பின்னால் வந்த பாசஞ்சரில் ஏறினேன். பெட்டி நிறைய பனியன் கம்பெனிப் பெண்கள். ஊத்துக்குளி தாண்டியதுமே வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். என் அருகில் நின்றவர் வீரபாண்டியில் ஒரு கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை செய்பவர். புதிய அட்டவணையில் இந்த வண்டி பிந்தித்தான் சேர்கிறதாம்; கம்பெனியில் எட்டரைக்கு கேட்டைச் சாத்தினால், பதினோரு மணி டீ இடைவேளைக்குத்தான் திறப்பார்களாம்.

“பஸ்ஸுல போலாமில்லீங்க?” என்றேன்.

“சீசன் டிக்கெட்டுனாத்தானுங்ணா எங்களுக்குக் கட்டும். பஸ்ஸுக்கே குடுத்துட்டா அப்பறம் வேலைக்கு எதுக்குங்க போறது?”

அவருடைய தோழி குறுக்கிட்டார்: “இந்த வண்டியப் பின்னால தள்ளுனவன் ஊட்டுக் கண்ணாலத்துக்கு நாம பந்தி முடிஞ்சுதான் போகோணும்டி!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செக்கிங் பெண் மட்டும் சிரிக்கவில்லை. “இன்னொருக்கா லேட்டானா வரவே வேண்டாம்னு சூப்பர்வைசர் சொல்லீட்டாருங்ணா. படிச்சவராட்ட இருக்கறீங்க. பழைய நேரத்துக்கே மாத்தச் சொல்லி ஒரு மனு எழுதித் தாங்களேன்.”

அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள். “நல்லா இருப்பீங்ணா” என்று சொல்லிவிட்டு, வண்டி நிற்பதற்குள் இறங்கி ஓடினார் அவர். முதல் மனுவும் என்னுடையதுதான் என்பதை மட்டும் மறைத்துவிட்டேன்.

தை மாதம் பழைய நேரம் திரும்பியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பாசஞ்சரில் ஏறி அவரைத் தேடினேன்.

“அவளை அந்த வாரமே நிறுத்தீட்டாங்களே” என்றார் தோழி. “இப்ப எங்க இருக்கறான்னு தெரியலீங்க.”

எக்ஸ்பிரஸில் வந்தவர்களைத் தவிர வேறு யாரையும் கேட்காமல் முதல் மனுவை எழுதியதைக்கூட அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். அறிந்த பிறகும் அவர் முகத்துக்கு நேரே நின்று நல்லவன் என்ற பெயரை வாங்கிக்கொண்டதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.