நெட் வைக்கும் கை

கல்யாணப் பெண்ணின் தலையில் போடுகிற வெள்ளை வலைத்துணியை எங்கள் கிறிஸ்தவ சபையில் நெட் என்போம். அதைத் தலையில் நிற்க வைப்பது லேசான காரியமில்லை. மல்லிகைச் சரமும் இருக்க வேண்டும், நெட்டும் இருக்க வேண்டும், பெண் குனிந்து ஜெபம் பண்ணும்போது இரண்டும் சேர்ந்து முன்னால் விழக்கூடாது. திருவண்ணாமலையில் எங்கள் சபைக் கல்யாணங்களுக்கெல்லாம் இருபது வருஷம் நெட் வைத்தது என் அம்மாதான்.

கொண்டை ஊசிகளை ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். வேலை ஆரம்பித்ததும் ஏழெட்டு ஊசிகளை எடுத்து உதடுகளுக்கு நடுவில் கவ்விக்கொள்வாள். அப்புறம் அவளால் பேச முடியாது. ‘ம்’, ‘ம்ஹும்’, அவ்வளவுதான். காலேஜ் படிக்கிற நாட்களில் நானும் கூடப் போவேன். ஆலயத்தை ஒட்டின அந்தச் சின்ன அறையில் பவுடரும் மல்லிகையும் வியர்வையும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். எல்லாப் பெண்களும் அந்த நேரத்தில்தான் அம்மாவிடம் பேசுவார்கள். பயமாக இருக்கிறது என்பார்கள். மாமியார் முகமே சரியில்லை என்பார்கள். பதில் சொல்ல முடியாத ஆளிடம் மனதைத் திறப்பது சுலபம் போலிருக்கிறது. அம்மா கடைசி ஊசியைச் செருகிவிட்டு உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்துவாள். “ஆச்சு, போ” என்பாள். கேட்டதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் வெளியே விட்டதில்லை.

இன்றைக்கும் மல்லிகை வாசனை வந்தால் எனக்குக் கோயில் தெருப் பூக்கடை ஞாபகம் வராது. அந்த அறைதான் ஞாபகம் வரும். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்!

அப்பா வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் டிரைவர். ஒரு நாள் மதியம் சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சபையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். பத்து நாள் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடவில்லை. தினமும் வந்து ஜெபித்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து பிடியரிசியும் வந்தது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, மாத முதல் ஞாயிறு ஆலயத்தில் கொண்டுபோய்ப் படைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். அது விதவைகளுக்குப் போகும். அம்மாவும் கல்யாணமான நாளிலிருந்து எடுத்து வைத்தவள்தான். இப்போது அந்தப் பை எங்கள் வாசலுக்கு வந்தது. பெண்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் கொண்டுவந்து, “சபை உங்கள மறக்கலக்கா” என்பார்கள். அம்மா அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுப்பாள்.

அந்த அரிசியை அவள் ஒரு நாளும் சமைக்கவில்லை. தனி டப்பாவில் கொட்டி வைத்து, தினமும் அதிலிருந்தே ஒரு பிடி எடுத்துப் பிடியரிசிப் பானையில் போடுவாள். அடுத்த முதல் ஞாயிறு அது ஆலயத்துக்கே திரும்பிப் போகும். “இது என்னம்மா கூத்து?” என்று கேட்டேன். “அவங்க அரிசி அவங்களுக்கே போவுது. எனக்கென்ன கொறைஞ்சிச்சி?” என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்பா போன ஐந்தாம் மாதம் எங்கள் தெருவிலேயே ஒரு கல்யாணம். பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே “ஆன்ட்டி, நீங்கதான் எனக்கு நெட் வெக்கணும்” என்று சொல்லிக்கொண்டிருந்த பெண். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் வேன் மாட்டிக்கொள்ளும் என்று தேதியைக்கூட எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் மாற்றிக் குறித்தார்கள். அம்மா விடிகாலையில் குளித்து, வெளிர்நீலப் புடவை கட்டி, பவுடர் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கதவருகே நாற்காலியில் உட்கார்ந்தாள். வழக்கமாக அழைத்துப்போக வருகிற கார் வரவில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. கடைசியில் ஆட்டோ பிடித்து ஆலயத்துக்குப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தோம். செங்கம் ரோட்டிலிருந்து ஒரு பார்லர்காரி வந்து நெட் வைத்திருந்தாள்.

சாப்பாட்டில் பெண்ணின் அம்மா வந்து எங்கள் இலையில் ஒரு ஸ்வீட் ஜாஸ்தியாக வைத்தார். “நீங்க சிரமப்பட வேணாம்னுதான்க்கா.” இருபது வருஷம் இல்லாத சிரமம் திடீரென்று எங்கிருந்து வந்து குதித்தது? எங்களுக்குச் சகுனம் கிடையாது என்று பிரசங்கத்தில் வருஷம் முழுக்கக் கேட்கிறோம். கல்யாணத்தன்று அந்தச் சகுனம் நமக்கு முன்னாலேயே ஆலயத்துக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறது. விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டு இந்து அக்கா, “உங்க சர்ச்சிலயும் இதெல்லாம் உண்டா?” என்று வாயில் கை வைத்தார். எனக்கு மானம் போயிற்று.

அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். “அரிசி குடுக்கறதுக்கு மட்டும் வீடு தெரியுது.”

இவ்வளவு கோபமாக எழுதுகிறேனே, என் கல்யாணத்தில் நான் என்ன கிழித்தேன்? அது இரண்டு வருஷம் கழித்து நடந்தது. அதே அறை. அம்மா டப்பாவைத் திறந்தாள். அப்பாவின் தங்கை, என் அத்தை, மெதுவாக ஆரம்பித்தார். “அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. கட்டுக்கழுத்தியா இருக்கறவங்க யாராவது வெக்கட்டும். மாப்ள வீட்ல எதுனா சொல்லப்போறாங்க.” மாப்பிள்ளை வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குக்கூடச் சண்டை போடுகிற நான் கண்ணாடியைப் பார்த்தேன். “ஆமாங்க, நீங்களே வெச்சிடுங்க” என்று அம்மா டப்பாவை அத்தை கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள். செருப்புகள் கிடக்கிற இடத்தில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். என் கல்யாண போட்டோவில் நெட் ஒரு மடிப்புப் பிசகாமல் நேராக இருக்கிறது. அந்த ஆல்பத்தை நான் திறப்பதில்லை.

அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, எனக்கும் தைரியம் வரவில்லை. பவுடர் டப்பா என்னிடம் வந்தது. இப்போது சபையில் நெட் வைப்பது நான். பிடியரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர்களிலும் நான் ஒருத்தி.

அப்படி நான் பை கொண்டுபோன வீடுகளில் ஒன்று கீழ்பென்னாத்தூரில் இருந்தது. ஜாக்கெட் தைக்கிற பெண்மணி, புருஷன் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போன தை மாதம் அவருடைய மகளுக்கு எங்கள் ஆலயத்தில் கல்யாணம். நெட் வைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது அவர் அதே அறைக் கதவுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில், பூப்பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உள்ள வாங்க.”

“இல்லக்கா, நீங்க முடிங்க. நான் இங்கிருந்தே பாத்துக்கறேன்.”

கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய், “நெட்ட நீங்களே வெச்சிடுங்க” என்றேன். “எனக்கு இதெல்லாம் வெக்கத் தெரியாதுக்கா” என்றார். “ஜாக்கெட் தெக்கறவங்களுக்கு ஊசி பிடிக்கத் தெரியாதா?” என்றேன். உள்ளே இருந்த பெண்ணின் சித்தி ஒருத்தி, “இருந்தாலும்…” என்று இழுத்தாள். “இருந்தாலும் என்னங்க? அவங்க பெத்த தலைதான?” என்றேன்.

டப்பாவை அவர் கையில் கொடுத்தேன். யாரும் சொல்லித் தராமலே, தையல் பழக்கத்தில், நாலைந்து ஊசிகளை எடுத்து உதடுகளுக்கு நடுவில் கவ்விக்கொண்டார். சித்தியையும் மற்றவர்களையும் அனுப்பிவிட்டு நானும் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அம்மா நின்ற இடத்தில் நின்றேன்.

உள்ளேயிருந்து கல்யாணப் பெண்ணின் குரல் கேட்டது. “நீ வெளிய நின்னுகினு இருந்தது தெரியும்மா. நான்தான் கூப்புட்டிருக்கணும். எம்மேல தப்பும்மா.”

ஊசிகளுக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு ‘ம்’ வந்தது.

செருப்புகளுக்கு நடுவில் நின்று அழுதேன். யார் பார்த்தார்களோ, எனக்குத் தெரியாது.

கதவு திறந்தது. நெட் இடப்பக்கமாகக் கோணியிருந்தது. சங்கத்து அக்கா ஒருவர் என் தோளைத் தொட்டு, “கோணலா இருக்கு பாரு, சரி பண்ணிடும்மா” என்றார். நான் டப்பாவை வாங்கி மூடிப் பையில் போட்டுக்கொண்டேன்.